இயந்திரத்துக்கு இடும் எண்ணெய்: கனிய எண்ணெயும் தொகுப்பு எண்ணெயும்

மாட்டு வண்டிலில் நெல் ஏற்றிய காலத்தில், அச்சுக்கு மசகு இடாமல் வழிக்குப் புறப்பட்ட கமக்காரர் இலர். மசகு வற்றினால் சில்லு கிறீச்சிட்டுத் தன் குறையைத் தானே சொல்லும். இன்று வயலை உழுவதும், சூடடிப்பதும், கிணற்று நீரை இறைப்பதும் இயந்திரங்களே. இயந்திரத்தின் உள்ளே நிகழும் தேய்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் ஓசை காதுக்குக் கேட்கும் வேளையில், பெரும்பாலும் காலங் கடந்துவிடுகிறது. நெல் முற்றி மழையும் இருட்டிக்கொண்டு வரும் நாளில் இயந்திரம் இறுகி நின்றுவிட்டால், ஒரு போகத்தின் உழைப்பே கேள்விக்குள்ளாகும்.

இயந்திரத்தைக் காப்பது அதன் உள்ளே இருக்கும் உராய்வு நீக்கி எண்ணெய் ஆகும். இதனையே நாம் எஞ்சின் ஒயில் என்று கடைகளில் கேட்டு வாங்குகிறோம். இப்பொழுது இக்கடைகளில் ‘சிந்தெற்றிக்’ என்னும் பெயர் பொறித்த எண்ணெயும் விற்கப்படுகிறது. அதன் விலை வழக்கமான எண்ணெயின் விலையிலும் மிகக் கூடியது. “விலை கூடியதை ஒருமுறை ஊற்றினால் இரண்டு போகத்துக்கும் மாற்றவேண்டியதில்லை” என எண்ணுவோரும் உளர். “அது வெறும் விளம்பரம்” எனத் தள்ளிவிடுவோரும் உளர். இவ்விரு கருத்துக்களும் தவறானவை. இந்த எண்ணெய் எதைச் செய்யும், எதைச் செய்யாது, உங்கள் இயந்திரத்துக்கு அது தேவையா என்பவற்றை இங்கு விளக்குவோம்.

எண்ணெயின் தொழில்

நிமிடத்துக்கு 3,000 தரம் சுழலும் ஒரு நீர் இறைக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்க. அதனை ஒரு நாளில் 8 மணித்தியாலம் ஓட்டினால், அதன் சுழல்தண்டு 14 இலட்சத்து 40 ஆயிரம் தரம் சுழல்கிறது. அத்தனை தரமும் உலோகம் உலோகத்தோடு உராயாமல் இடையில் நிற்பது தலைமயிரிலும் மெல்லியதான ஓர் எண்ணெய்ப் படலமே.

உராய்வைக் குறைப்பது எண்ணெயின் முதலாவது தொழில். முசலத்தின் வெப்பத்தை எடுத்துச் செல்வது இரண்டாவது. எரிபொருட் புகைக்கரியையும் தேய்ந்த உலோகத் துகளையும் தன்னுள் ஏந்தி வைத்திருப்பது மூன்றாவது. முசல வளையத்துக்கும் உருளைச் சுவருக்கும் இடையே உள்ள சந்தை அடைப்பது நான்காவது. துரு ஏறாமல் காப்பது ஐந்தாவது. இவ்வைந்தில் ஒன்று தவறினாலும் இயந்திரத்தின் ஆயுள் குறையும்.

அடிப்படை எண்ணெய் என்பது யாது?

நீங்கள் வாங்கும் எண்ணெயில் நூற்றுக்கு 75 முதல் 90 வரையான பங்கு அடிப்படை எண்ணெய் ஆகும். எஞ்சியது, தேய்வைத் தடுப்பவை, அழுக்கை ஏந்துபவை, அமிலத்தை முறிப்பவை முதலான சேர்மருந்துகள் ஆகும். கனிய எண்ணெய், தொகுப்பு எண்ணெய் என்னும் வேறுபாடு அடிப்படை எண்ணெயைப் பற்றியதே என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

கனிய எண்ணெய், நிலத்திலிருந்து எடுக்கும் மண்ணெய்யைக் காய்ச்சி வடித்துத் துப்புரவு செய்து பெறுவது. களத்தில் அள்ளிய நெல்லை இதற்கு உவமை கூறலாம். எவ்வளவு தூற்றினாலும் புடைத்தாலும் அதிற் பெரிய மணியும் சிறிய மணியும் சில பதரும் கலந்தே இருக்கும். அவ்வாறே கனிய எண்ணெயிலும் பல வடிவும் பல பருமனும் உள்ள மூலக்கூறுகள் கலந்திருக்கும். மெழுகும் கந்தகமும் சிறிதளவு எஞ்சியிருக்கும்.

தொகுப்பு எண்ணெயோ, வேண்டிய மூலக்கூறுகளை மாத்திரம் இரசாயன முறையாற் கட்டி எழுப்புவது. தெரிந்தெடுத்த தூய விதைநெல்லைப் போன்றது அது. இதில் முதன்மையான வகை பல்அல்பாஒலிபீன் எனப்படும். எதிலீன் என்னும் வாயுவிலிருந்து தெசீன் என்னும் திரவத்தைப் பெற்று, அதன் மூலக்கூறுகளில் மூன்று நான்கினை ஒன்றாக இணைத்து, பின் ஐதரசனை ஏற்றி இதனை ஆக்குவர். எசுத்தர் என்பது மற்றொரு வகை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் மண்ணெய் அரிதானமையால் இத்தகைய எண்ணெய்களில் ஆராய்ச்சி வளர்ந்தது. போருக்குப் பின் தாரை விமானங்களின் கடும் வெப்பத்தைக் கனிய எண்ணெய் தாங்காது போகவே, அங்கு எசுத்தர் எண்ணெய்கள் இடம்பெற்றன.

அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாக வகுத்துள்ளது. முதலிரண்டு தொகுதிகளும் கனிய எண்ணெய்கள். மூன்றாவது தொகுதியும் மண்ணெய்யிலிருந்தே பெறப்படுவதாயினும், உயர் அமுக்கத்தில் ஐதரசனைக் கொண்டு மிகவும் சீர்செய்யப்பட்டது. நான்காவது பல்அல்பாஒலிபீன். இவற்றுள் அடங்காத எசுத்தர் முதலியவை ஐந்தாவது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில், விளம்பரங்களை ஆராயும் ஒரு சபை மூன்றாவது தொகுதியையும் சிந்தெற்றிக் என அழைக்க இடமளித்தது. ஆகவே தகரத்தில் அச்சொல்லைக் கண்டவுடன் உள்ளே இருப்பது நான்காவது தொகுதியே எனக் கொள்ளலாகாது. ‘பாதிச் சிந்தெற்றிக்’ என்னும் பெயரும் சரிபாதிக் கலவை என்று பொருள்படுவதில்லை.

தொகுப்பு எண்ணெயின் நன்மைகள்

முதலாவது, சூட்டில் அது மிக நீர்த்துப்போவதில்லை. எண்ணெயின் தடிப்பைப் பிசுக்குமை என்பர். சூடேற ஏற எந்த எண்ணெயும் நீர்க்கும். ஆயின் சில மிகுதியாகவும் சில குறைவாகவும் நீர்க்கும். இதனை அளக்கும் பிசுக்குமைச் சுட்டெண்ணை 1929இல் அமெரிக்கரான டீன், டேவிஸ் என்னும் இருவர் வகுத்தனர். சுட்டெண் உயர்ந்திருப்பின் எண்ணெய் தன் தடிப்பைக் காக்கும். வழக்கமான கனிய அடிப்படை எண்ணெயின் சுட்டெண் ஏறத்தாழ 95 முதல் 105 வரை. பல்அல்பாஒலிபீனின் சுட்டெண் 120 முதல் 140 வரை. 100 பாகை செல்சியஸில் ஒரே தடிப்புடைய இரண்டு எண்ணெய்களை எடுத்து 40 பாகையில் அளந்தால், சுட்டெண் குறைந்தது கூடுதலாகத் தடித்திருக்கும். காலையில் இயந்திரத்தைத் தொடக்கும்போது எண்ணெய் விரைந்து ஓடவேண்டும். நண்பகலிற் சூடேறியபோது படலம் அறாமல் நிற்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதற்கு உயர்ந்த சுட்டெண் உதவுகிறது.

கனிய எண்ணெயிலும் இப்பண்பை வருவிக்கலாம். அதன்பொருட்டு நீண்ட சங்கிலி போன்ற பல்பகுதியச் சேர்மருந்தைக் கலப்பர். 15 டபிள்யூ 40 என்னும் எண்ணெய் பெரும்பாலும் அவ்வாறு ஆக்கப்பட்டதே. ஆயினும் நெருக்கமான உறுப்புக்களிடையே அச்சங்கிலிகள் நாளடைவில் அறுபட, எண்ணெய் மெல்ல நீர்க்கும். தொகுப்பு எண்ணெய்க்கு அச்சேர்மருந்து குறைவாகவே வேண்டப்படுவதால் இக்குறை அதிற் குறைவு.

இரண்டாவது, அது எளிதிற் கெடுவதில்லை. சூடான எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து தடித்து, புளித்து, பசையாகிக் கரியும். இதனை ஒட்சியேற்றம் என்பர். பொதுவாக, எண்ணெயின் வெப்பநிலை 10 பாகை உயர, அது கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். எண்ணெய்த் தொட்டியின் வெப்பம் 100 பாகையளவில் இருக்கும்போதே, முசலத்தின் மேல்வளையத்தை அடுத்த இடம் 200 பாகையைத் தாண்டிவிடும். அவ்விடத்தில் எண்ணெய் கரிந்து வளையத்தை ஒட்டிக்கொண்டால், புகை தள்ளும், வலு குறையும், எண்ணெய் செலவாகும். ஒரே சீரான மூலக்கூறுகளால் ஆன தொகுப்பு எண்ணெய், தக்க சேர்மருந்தோடு இவ்வெப்பத்தை நீண்ட நேரம் தாங்கி, வளையத்தைத் துப்புரவாக வைத்திருக்கும்.

மூன்றாவது, அது குறைவாகவே ஆவியாகிறது. கனிய எண்ணெயில் உள்ள இலேசான மூலக்கூறுகள் சூட்டில் ஆவியாகிப் போக, எஞ்சியது தடிக்கும், அளவும் குறையும். 250 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து இவ்விழப்பை அளப்பதற்கு நோவாக் சோதனை என்று பெயர். ஒரே தடிப்புடையவற்றை ஒப்பிடுமிடத்து, பல்அல்பாஒலிபீனின் இழப்பு கனிய எண்ணெயின் இழப்பிலும் மிகக் குறைவு. சிறிதளவு எண்ணெயே கொள்ளும் இயந்திரத்துக்கு இது பெரிய நன்மை.

நான்காவது, கடுங்குளிரில் அது உறைவதில்லை. கனிய அடிப்படை எண்ணெயில் உள்ள மெழுகு, நீர் உறையும் நிலைக்குக் கீழே 10, 15 பாகையளவிற் கட்டியாகி ஓட்டத்தைத் தடுக்கும். பல்அல்பாஒலிபீன் நீர் உறையும் நிலைக்கு 50 பாகை கீழேயும் ஓடும். குளிர்தேசத்தார் இதனைப் பெரிதும் புகழ்வதற்குக் காரணம் இதுவே. ஆயின் வன்னியிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் நமக்கு இதனாற் பயனில்லை. நுவரெலியாவின் தைமாத உறைபனியிலும் வழக்கமான 15 டபிள்யூ 40 எண்ணெய் இடர்ப்பாடின்றி ஓடும். நமக்குத் தேவையற்ற இந்நன்மைக்காகப் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

எரிபொருள் மிச்சமாகும் என்றும் சிலர் கூறுவர். தடிப்பில் ஒத்த எண்ணெய்களிடையே அம்மிச்சம் மிகச் சிறிதே. அதனை நம்பி வாங்குதல் வேண்டா.

தொகுப்பு எண்ணெய் செய்ய மாட்டாதவை

இப்பகுதியைக் கூர்ந்து வாசிக்கவேண்டும். எண்ணெய் கெடுவதற்கு வெப்பம் ஒன்றே காரணமன்று. வயலிலும் தோட்டத்திலும் அதனைக் கெடுக்கும் பகைகள் வேறும் உள.

புழுதி உழவிலும் சூடடிப்பிலும் எழும் தூசி, காற்று வடிகட்டியின் குறையால் உள்ளே புகுந்து, எண்ணெயோடு கலந்து அரப்பொடிபோல் உலோகத்தைத் தின்னும். டீசல் எரிகையில் உண்டாகும் கரி எண்ணெயிற் சேர்கிறது. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து அமிலத்தை உண்டாக்கும். அதனை முறிக்கும் சேர்மருந்து நாளுக்கு நாள் செலவாகும். மண்ணெண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் இயந்திரத்தில், எரியாத மண்ணெண்ணெய் வளையத்தைக் கடந்து கீழிறங்கி எண்ணெயை நீராக்கிவிடும்.

இவற்றுள் எதனையும் தொகுப்பு எண்ணெய் வெளியேற்றமாட்டாது. அதில் விழுந்த மணலும் மணலே. அதிற் கலந்த மண்ணெண்ணெயும் மண்ணெண்ணெயே. சிறு இயந்திரங்கள் பலவற்றில் எண்ணெய் வடிகட்டியே இல்லை. சிலவற்றில் ஒரு கம்பிவலை மாத்திரம் உண்டு. அத்தகைய இயந்திரத்தில் அழுக்கை வெளியேற்ற ஒரே வழி, எண்ணெயை உரிய காலத்தில் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே. விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டு அதனை மாற்றாமல் இரண்டு போகம் ஓட்டுபவர், மலிவான எண்ணெயைக் காலத்துக்கு மாற்றுபவரிலும் விரைவாகத் தம் இயந்திரத்தை இழப்பார்.

எந்த இயந்திரத்துக்கு எது தக்கது?

இரு சக்கர உழவு இயந்திரம்: இதன் ஒற்றை உருளை டீசல் இயந்திரம் நீரால் ஆற்றப்படுவதாலும், எண்ணெயின் தேவை சில லீற்றரே ஆதலாலும், கைந்நூலிற் கூறிய தரத்துக் கனிய எண்ணெய் போதியது. பெரும்பாலான கைந்நூல்கள் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றும்படி கூறுகின்றன. புதிய இயந்திரத்துக்கு முதல் மாற்றம் அதற்கு வெகு முன்னரே செய்யப்படவேண்டும்.

சிறு நீர் இறைக்கும் இயந்திரம்: காற்றினால் ஆற்றப்படும் சிறு பெற்றோல் இயந்திரங்கள் சில, 0.6 லீற்றர் எண்ணெயே கொள்ளும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கோடையில் நாள் முழுதும் இறைக்கும்போது இச்சிறிதளவு எண்ணெயே முழு வெப்பத்தையும் தாங்கவேண்டும். இங்கே தொகுப்பு எண்ணெய் மெய்யான நன்மை தரும். வேண்டிய அளவும் சிறிதாதலால் செலவும் மிகாது. எனினும் மாற்றும் காலத்தை நீட்டலாகாது. மண்ணெண்ணெயில் ஓட்டுவோர், கனிய எண்ணெயையே குறுகிய காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது நன்று.

நான்கு சக்கர உழவு இயந்திரம்: எஞ்சினுக்குக் கைந்நூலிற் கூறிய கனிய எண்ணெய் தகும். காற்றை அமுக்கி ஊட்டும் ரேர்போ பொருத்திய எஞ்சினாயின், அதன் தண்டு கடும் வெப்பத்திற் சுழல்வதால் தொகுப்பு எண்ணெய் நலம். பின்பெட்டியிலோ தனிக் கவனம் வேண்டும். பல உழவு இயந்திரங்களில் பற்சில்லு, நீரியல் தூக்கி, எண்ணெயில் நனைந்த பிறேக் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய் பயன்படுகிறது. அதற்கென ஆக்கிய எண்ணெயையன்றி எஞ்சின் எண்ணெயை, அது எவ்வளவு உயர்ந்ததாயினும், ஊற்றலாகாது. ஊற்றினால் பிறேக் வழுக்கி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அறுவடை இயந்திரம்: நெல்லை வெட்டி, அடித்து, தூற்றும் இப்பெரிய இயந்திரம் அறுவடைக் காலத்தில் இடைவிடாது ஓடும். வைக்கோற் தூசி ரேடியேற்றரை அடைத்து எஞ்சினின் வெப்பத்தை உயர்த்தும். பலருடைய அறுவடை ஒரே இயந்திரத்தை நம்பியிருக்கிறது. தொகுப்பு எண்ணெய்க்கு மிகப் பொருத்தமான இடம் இதுவே. ஆயினும் ரேடியேற்றரை நாளுக்குப் பலமுறை துப்புரவாக்குவது அதனினும் முந்திய கடமை.

செலவைக் கணிக்கும் வகை

எண்ணெயின் விலையை லீற்றர்க் கணக்கிற் பாராமல், ஓட்டிய மணித்தியாலக் கணக்கிற் பார்க்கவேண்டும். ஒருமுறை ஊற்றும் எண்ணெயின் விலையை, அதனை மாற்றும்வரை ஓட்டக்கூடிய மணித்தியாலங்களால் வகுத்தால், ஒரு மணித்தியாலச் செலவு கிடைக்கும்.

உதாரணமாக, கனிய எண்ணெய் 100 மணித்தியாலத்துக்கு உரியது என்றும், தொகுப்பு எண்ணெயின் விலை மூன்று மடங்கு என்றும் கொள்வோம். இரண்டாவதன் செலவு முதலாவதற்குச் சமமாக வேண்டுமாயின், அதனை 300 மணித்தியாலம் ஓட்டவேண்டும். உங்கள் கைந்நூல் அதற்கு இடந்தராவிடின், எண்ணெய்ச் செலவில் உங்களுக்கு மிச்சம் இல்லை. அப்பொழுது நீங்கள் கொடுக்கும் மிகைப் பணம், வெப்பத்தினின்று இயந்திரத்தைக் காக்கும் காப்புறுதிப் பணம் போன்றது. இறைப்பு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் அது தகும். நீரால் ஆற்றப்பட்டு மெதுவாக ஓடும் உழவு இயந்திரத்துக்கு அதே பணத்தைக் கொண்டு கனிய எண்ணெயைக் காலத்துக்கு மாற்றி, ஒரு புதிய காற்று வடிகட்டியும் வாங்கலாம்.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. தகரத்தில் முதலிற் பார்க்கவேண்டியது சிந்தெற்றிக் என்னும் சொல்லையன்று. தடிப்பைக் குறிக்கும் எஸ்.ஏ.ஈ. இலக்கத்தையும், தரத்தைக் குறிக்கும் ஏ.பி.ஐ. எழுத்துக்களையும் ஆகும். அத்தர எழுத்துக்கள் ‘சி’யிற் தொடங்கினால் டீசலுக்கும், ‘எஸ்’ஸிற் தொடங்கினால் பெற்றோலுக்கும் உரியவை. இரண்டும் கைந்நூலோடு ஒத்திருக்கவேண்டும்.

2. நாள்தோறும் இயந்திரத்தைத் தொடக்குமுன், அதனைச் சமநிலத்தில் நிறுத்தி அளவுக்கோலைப் பார்க்க. எண்ணெய் குறைந்திருப்பதைப்போல, கூடியிருப்பதும் தீங்கின் அறிகுறியே. எண்ணெயின் மட்டம் தானாக உயர்ந்து மண்ணெண்ணெய் அல்லது டீசல் மணம் வீசினால் உடனே மாற்றுக. பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. டீசல் இயந்திரத்தில் எண்ணெய் கறுப்பது மாத்திரம் பழுதன்று. கரியை ஏந்துவது அதன் தொழிலே.

3. ஓட்டிய மணித்தியாலத்தை ஒரு கொப்பியிற் குறித்து வருக. மாற்றும்போது எண்ணெயை இளஞ்சூட்டில் வடிக்க. அழுக்கும் உடன் இறங்கும்.

4. புழுதியில் வேலை செய்யும் நாட்களில் காற்று வடிகட்டியை நாள்தோறும் துப்புரவு செய்க. எண்ணெய்க் கிண்ணமுள்ள வடிகட்டியாயின் குறியிட்ட அளவுக்கு எண்ணெய் இருத்தல் வேண்டும்.

5. கனிய எண்ணெயும் பல்அல்பாஒலிபீன் வகை எஞ்சின் எண்ணெயும் தம்முட் கலக்கக்கூடியவை. அவசரத்தில் ஒன்றன்மேல் ஒன்றை ஊற்றினாற் கேடில்லை. நன்மை மாத்திரம் குறையும். ஆயின் சில கியர்ப்பெட்டிகளுக்குரிய பல்கிளைக்கோல் எண்ணெயைக் கனிய எண்ணெயோடு கலக்கலாகாது.

6. நெடுங்காலம் ஓடிய பழைய இயந்திரத்தில் றபர் அடைப்புக்கள் காய்ந்திருக்கும். புதிய எண்ணெய் பழைய பசையைக் கழுவிவிட, மறைந்திருந்த கசிவு வெளிப்படலாம். மாற்றிய முதல் வாரத்திற் கசிவைக் கவனிக்க.

7. வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றியது நீங்கள் குடிக்கும் கிணற்றையே சென்றடையும். தகரத்தில் அடைத்து, சேகரிப்போரிடம் கொடுக்க. பழைய எண்ணெய் தோலுக்குத் தீயது. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

கமக்காரர்களே! தொகுப்பு எண்ணெய் வெப்பத்தை வெல்லும், அழுக்கை வெல்லாது. கடும் வெப்பத்தில் நெடுநேரம் உழைக்கும் இயந்திரத்துக்கு அதனை வாங்குவது அறிவுடைமை. மாற்றும் வேலையைத் தள்ளிப்போடுவதற்காக அதனை வாங்குவது பணத்தையும் இயந்திரத்தையும் ஒருங்கே இழப்பதாகும். எந்த எண்ணெயாயினும் உரிய தரத்தில், உரிய அளவில், உரிய காலத்தில் இடுவதே முதன்மையானது. கைந்நூல் கைவசம் இல்லாதவர்கள் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, தங்கள் இயந்திரத்துக்குரிய எண்ணெயின் இலக்கத்தையும் மாற்றும் காலத்தையும் கேட்டறிந்து, அடுத்த போகத்தின் உழவுக்கு முன்னரே ஆவன செய்வார்களாக.